தள்ளிப் போய்ச் சாப்பிட்ட புளிசாதம்

சென்ற மாதம், இந்த வெளிநாட்டில் நாங்கள் குடியிருக்கும் ட்ருகனினாவிலிருந்து பழைய தங்கச் சுரங்க ஊர் ஒன்றைப் பார்க்கக் குடும்பத்தோடு போயிருந்தோம். அங்கே கடைக்காரர்கள்கூட அந்தக் கால உடையில்தான் இருப்பார்கள். மதியம் பூங்கா மேசையில் புளிசாதத்தைப் பிரித்ததும் எனக்குக் கூச்சம்.

"கையால சாப்பிடறதை எல்லாரும் பார்ப்பாங்க. தள்ளிப் போயிடலாங்க."

"ஊரே வேஷம் போட்டுட்டுத் திரியுது, நம்மளை யாரு பார்க்கப்போறா?" என்று கணவர் சிரித்தார்.

நான் கேட்கவில்லை. பாதையை விட்டு விலகி, மரத்தடிச் சருகின் மேல் விரிப்பை விரித்தேன். உட்காரப் போன மகளின் கையிலிருந்து தண்ணீர் பாட்டில் நழுவி, உருண்டு, விரிப்பின் ஓரத்துச் சருகுக்குள் மறைந்தது. சற்றுக் கழித்து எங்கோ ஆழத்தில் 'தொப்'பென்ற சத்தம். மூடாமல் விட்ட பழைய சுரங்கக் குழி!

"அம்மா, டோன்ட் மூவ்!" என்று அலறினாள் மகள். வந்த வழியே மெல்லப் பின்வாங்கினோம். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் பாதையோர மேசையில்தான் உட்காருகிறோம். யார் பார்த்தாலும் சரி, கையால்தான் சாப்பிடுகிறோம்.