திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பதில்

போன சனிக்கிழமை எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு நாடகப் போட்டியில் தோற்றுப்போனேன். அன்றிலிருந்து சிரித்துக்கொண்டே இருக்கிறேன். ஆபீஸில் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

பிள்ளைகளோடு வெளிநாட்டில் குடியேறிய முதியவர்களைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருந்தேன் — மெல்பர்னில் ஒரு வயதான தம்பதி, பூட்டிய வீடு, பேச்சற்ற பகல்கள்... அதை ஓராள் நாடகமாக்கினால் என்ன என்று தோன்றியது. மேடையில் ஒரே ஒருவர், ஒரே குரல். போட்டியின் விதியும் அதுதான்.

நடிக்க சரோஜா அக்காவைப் பிடித்தேன். ஆயர் ஈத்தாம் பகுதியில், ஃபிளாட்டில் என் பக்கத்து வீடு. கணவரோடு மெல்பர்னில் மகன் வீட்டில் நாலு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். வேறு யார் பொருத்தம்?

முதல் ஒத்திகையிலேயே கவிதை ஆட்டம் கண்டது.

“பனி கொட்டுதுன்னு எழுதியிருக்கியே, நீ மெல்பர்ன் போயிருக்கியா?”

“எல்லை தாண்டி ஹட்யாய் வரைக்கும் போயிருக்கேன்க்கா.”

“அங்க பனியெல்லாம் கொட்டாதுலா. காத்துதான். காயப்போட்ட சேலை பக்கத்து வீட்டுக்குப் போயிரும்.”

பனியை எடுத்துவிட்டுச் சேலையைப் பறக்கவிட்டோம். ‘அவர்கள்’ எல்லாம் ‘நான்’ ஆனது. ‘அவர்கள் மௌனமாயினர்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். மௌனத்தை எப்படி நடிப்பது? அக்கா அந்த இடத்தில் ஒன்றரைப் பக்கம் பேசினார்.

அவர் கணவர் ராஜு அண்ணன் அதிகம் பேசாத மனிதர். அக்காவைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். சும்மாதானே இருக்கிறார் என்று, வரி மறந்தால் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்கும் வேலையை அவரிடம் ஒப்படைத்தேன்.

போட்டி நாள். அக்கா வெளுத்து வாங்கினார். சேலை பறந்தபோது கைதட்டல். கோப்பையை எந்த அலமாரியில் வைப்பது என்ற கவலையே எனக்கு வந்துவிட்டது.

அப்புறம் அந்த ஒன்றரைப் பக்கம்.

“நாள் முழுக்க ஜன்னல்கிட்டயே நிக்கிறாரு. என்ன நெனைக்கிறாருன்னு எனக்குத் தெரியல...”

அக்கா நின்றார். அடுத்த வரி வரவில்லை. திரையைப் பார்த்தார். அங்கிருந்தும் வரவில்லை.

பிறகு அண்ணனின் குரல் கேட்டது. பிரதியில் இல்லாத வரி.

“ஒன்னையத்தான் பாத்துக்கிட்டு நின்னேன், சரோ. கடைக்குப் போனவ வழி தெரியாம எங்கயாச்சும் நின்னுட்டா என்ன செய்றதுன்னு.”

அக்கா மெதுவாகத் திரைப் பக்கம் திரும்பினார்.

“அத அங்கயே சொல்லியிருக்கலாம்லா? ஊரு புடிக்காம நிக்கிறீங்கன்னு நெனச்சுத்தான, திரும்பிப் போவோம்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன்?”

“எனக்கு ஊரு புடிச்சுத்தான் இருந்துச்சு. நீ அழுதியேன்னு டிக்கெட் எடுத்தேன்.”

“நான் எங்க அழுதேன்? அந்தக் காத்துக்கு மூக்கு ஒழுகுச்சு.”

அரங்கமே அதிர்ந்தது. நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அழுகையா, சிரிப்பா? அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அதுவும் எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு குரல் கேட்டதால் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். நியாயம்தானே? வருத்தப்பட முயன்றேன்... முடியவில்லை. அந்த மௌனத்துக்குள் எத்தனை ஆழம், எத்தனை சோகம் என்று உருகி உருகி எழுதியிருந்தேன். ஒரு கேள்வி கேட்டிருந்தால் காலையில் பசியாறும்போதே தீர்ந்திருக்கும்.

அவர்கள் காரிலேயே வீடு திரும்பினேன். முன்சீட்டில் இருவருக்கும், மறுபடி மெல்பர்ன் போவதா வேண்டாமா என்று சண்டை. பின்சீட்டில் நான் — ஆயர் ஈத்தாம் வரும்வரை எனக்கு ஒரு வார்த்தை பேச இடம் கிடைக்கவில்லை.