நானூறு ஏஎஸ்ஏயும் பீடத்து விளக்குகளும்

உர்சுலா சிராங்கூன் ரோட்டில் துரைசாமியின் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தது 1974இல். முதல் ஐந்து வருஷம் இருட்டறையில் கறுப்பு வெள்ளைப் படம் கழுவி பிரிண்ட் போடுவதுதான் வேலை. பிறகு, பெண்ணை ஜோடிக்கிற அறைக்குள் ஆம்பளை போட்டோகிராபர் வர வேண்டாம் என்று கல்யாண வீட்டார் சொல்ல ஆரம்பித்ததும், துரைசாமி அவள் கையில் கேமராவைக் கொடுத்தார். அவளுக்குக் கை நடுங்காது. எந்த முகத்துக்கு எந்தப் பக்கம் எடுப்பு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். இரண்டே வருஷத்தில், கத்தோலிக்கக் கல்யாணம் என்றால் "உர்சுலா அக்காவை அனுப்புங்க" என்று கேட்டு வந்தார்கள்.

தொல்லை 1982இல் தொடங்கியது. அவளுடைய பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்த ஃபாதர் அருளானந்தம், பூசை நேரத்தில் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது என்றார். அவர் சொன்னது உர்சுலாவுக்குத் தப்பாகப் படவில்லை. அவளும் அங்கே ஞாயிறு தவறாமல் முழந்தாளிடுகிறவள்தான். ஆனால் ஃபிளாஷ் இல்லாமல் அந்தக் கோயிலுக்குள் கலர்ப் படம் எடுப்பது எப்படி? அப்போது கடையில் கிடைத்ததில் வேகமான கலர் ஃபிலிம் நானூறு ஏஎஸ்ஏ; அந்த நம்பர் ஏற ஏற, கொஞ்ச வெளிச்சமே ஃபிலிமுக்குப் போதும். குறைந்த வெளிச்சத்திலும் படம் விழும் என்று டப்பாவில் போட்டிருந்தது. விழத்தான் செய்தது. கூடவே படம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளியும் விழுந்தது. ஸ்டூடியோக்காரர்கள் அதைக் கிரெயின் என்பார்கள்.

முதலில் சண்டைக்கு வந்தவர் அல்போன்சம்மாள். மகளின் தாலி கட்டுப் படத்தைச் சுவரில் மாட்டப் பெரிதாகப் போடச் சொல்லியிருந்தார். படத்தைக் கவுன்டரில் குப்புற வைத்தார்.

"எம்மவ முகத்துல ரவையக் கொட்டி வச்சிருக்கியே உர்சுலா! இத எப்படி நான் சுவத்துல மாட்டுவேன்?"

"உள்ள வெளிச்சம் பத்தலக்கா. ஃபாதர் ஃபிளாஷ் வேணாம்னுட்டாரு."

"நீ வெளிச்சத்தச் சொல்லுவ, அவரு வேதத்தச் சொல்லுவாரு. திரும்ப ஒருவாட்டி தாலி கட்டச் சொல்லவா?"

துரைசாமி அல்போன்சம்மாள் எதிரிலேயே உர்சுலாவைத் திட்டினார். அடுத்த கல்யாணத்துக்கு ஃபிளாஷை அவரே கேமராவில் மாட்டி அனுப்பினார். "ஒரே ஒருவாட்டி அடி. ஃபாதர் என்ன, வெளிய அனுப்பிடுவாரா?"

மோதிரம் மாற்றும்போது ஒரே ஒரு தடவை அடித்தாள். ஃபாதர் புத்தகத்தை மூடிவிட்டார். "அந்தம்மா கேமராவைக் கீழ வச்சாத்தான் பூசை தொடரும்" என்று மைக்கிலேயே சொன்னார். முந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கேமராவைப் பெஞ்சில் வைத்துவிட்டு, பூசை முடிகிறவரைக்கும் உர்சுலா தலை நிமிரவில்லை. மார்சிலிங்கில் இருந்த வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வழியெல்லாம் அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன. ஃபிளாஷ் அடித்தாலும் திட்டு, அடிக்காவிட்டாலும் திட்டு.

'எந்த ஃபிலிம்ல கிரெயின் கம்மின்னு நானே பாத்துடறேன்' என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

நாலு கம்பெனியின் நானூறு ஏஎஸ்ஏ ஃபிலிம் ஒவ்வொரு ரோல் வாங்கினாள். ஒரு சனிக்கிழமை, கோயில் காலியாக இருந்த நேரத்தில், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த கணவர் இயேசுதாசனை இழுத்துக்கொண்டு போய்ப் பீடத்துக்கு முன்னால் உட்கார வைத்தாள். ஒவ்வொரு ஃபிலிமிலும் வெளிச்சம் அளக்கும் மீட்டர் காட்டுகிற அளவுக்கு ஒன்று, வெளிச்சம் குறைத்து ஒன்று, கூட்டி ஒன்று. எது எது என்று பிறகு தெரிய வேண்டுமே, அதற்காக நம்பர் எழுதிய அட்டையை அவர் நெஞ்சுக்கு நேரே பிடிக்க வேண்டும்.

"போலீஸ் ஸ்டேஷன்ல படம் எடுக்கிற மாதிரி இருக்கு. போதும்லா உர்சு, கழுத்து வலிக்குது."

"ஆடாதீங்க. ஆடினா திரும்பவும் மொதல்ல இருந்து."

பன்னிரண்டு படமும் கலர் லேபிலிருந்து வந்தபோது அவளுக்கு மண்டை வெடித்துவிடும்போல் இருந்தது. ஒன்றில் இயேசுதாசன் பச்சையாக இருந்தார், ஒன்றில் சிவப்பாக. வெளிச்சம் குறைத்து எடுத்ததும் கூட்டி எடுத்ததும் கிட்டத்தட்ட ஒரே வெளுப்பில் இருந்தன. இதில் எதை எதோடு ஒப்பிடுவது? லேபில் பிரிண்ட் போடும் தங்கராஜுவிடம் போனாள்.

"மெஷினே பாத்து சரி பண்ணிடும்க்கா" என்றான் அவன் பெருமையாக.

"சரி பண்ண வேணாம்னுதான் கேக்கறேன் தங்கராஜு. பன்னெண்டுக்கும் ஒரே மாதிரி போட்டுக் குடு."

"பட்டன் இருக்குக்கா. சூப்பர்வைசர் தொட விடமாட்டாரு."

மூன்று தடவை போய்க் கேட்டாள். மூன்று தடவையும் சூப்பர்வைசர் மீட்டிங்கில் இருந்தார்.

கடைசியில் தனக்குத் தெரிந்த வேலையையே செய்தாள். ஸ்டூடியோவின் பழைய இருட்டறையில் அந்தக் கலர் நெகடிவ்களைக் கறுப்பு வெள்ளைப் பேப்பரில் போட்டாள். முழுப் படம் இல்லை. கணவரின் வலது கன்னம் மட்டும், தபால் அட்டை அளவுக்கு. எல்லாக் கன்னமும் ஒரே அளவு கறுப்பு வரும்வரை பேப்பரை வீணாக்கினாள். பன்னிரண்டு கன்னங்களையும் மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தபோது விஷயம் கண்ணுக்குத் தெரிந்தது. கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் எந்தக் கம்பெனி ஆனாலும் வெளிச்சம் குறைத்து எடுத்த கன்னம் உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. கூட்டி எடுத்தது மழமழவென்று இருந்தது. நானூறு என்று டப்பாவில் போட்டிருந்ததை அப்படியே நம்பாமல், இருநூறு என்று நினைத்து எடுத்தால் போதும். அதற்கு இரண்டு மடங்கு வெளிச்சம் வேண்டும். கோயிலில் அது இல்லை.

மறு ஞாயிறு நிமிர்ந்து பார்த்தாள். பீடத்துக்கு மேலே நாலு வரிசை விளக்கு. எரிந்தது ஒரே வரிசை.

கன்னங்களை ஒரு கவரில் போட்டுக்கொண்டு ஃபாதரிடம் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார்.

"நான் ஃபிளாஷ் கேக்கல ஃபாதர். இருக்கிற லைட்டத்தான் போடச் சொல்றேன்."

"இத நீ மொதல்லயே கேட்டிருக்கலாமே" என்றார் அவர். உர்சுலாவுக்குச் சுர்ரென்று வந்தது. அவர் ஒருவராகச் சரி சொல்ல முடியாதாம், கோயில் காரியம் பார்க்கும் பங்குப் பேரவை கூட வேண்டுமாம். பேரவை ஒரு மாதம் கழித்துக் கூடியது. வயரிங் தாங்குமா என்று பார்க்க இன்னொரு மாதம். அதற்குள் இரண்டு கல்யாணம் ரவையோடு போனது.

அப்புறம் நாலு வரிசையும் எரிந்தன. படம் நன்றாக வந்தது. அந்தச் சமயம் பார்த்து ஆயிரம் ஏஎஸ்ஏ ஃபிலிம் ஒன்று கடைகளுக்கு வந்திருந்தது. துரைசாமி, உர்சுலா எடுத்த படத்தைக் கடைக் கண்ணாடியில் ஒட்டி, 'ஆயிரம் ஏஎஸ்ஏ! புள்ளியே கிடையாது!' என்று கீழே எழுதி வைத்தார்.

"அண்ணே, இது நானூறுல எடுத்தது. ஆயிரத்துல புள்ளி இன்னும் அதிகம். நான் போட்டுப் பாத்துட்டேன்."

"வர்றவங்களுக்கு உன் கணக்கெல்லாம் புரியாது. பெரிய நம்பர் சொன்னாப் புரியும்லா."

"பொய்தானேண்ணே?"

"போட்டோ பொய்யா? நீதானே எடுத்த?"

அந்த அட்டையை அவள் இரண்டு தடவை கிழித்தாள். அவர் மூன்றாவது அட்டை எழுதினார்.

1986இல் ஃபாதர் அருளானந்தத்துக்கு மாற்றலாகிவிட்டது. அடுத்து வந்தவருக்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கல்யாணம் நடந்தால்தான் பக்தியாக இருக்கிறதாம். இந்தத் தடவை பேரவை கூடவில்லை; ஒரே நாளில் மூன்று வரிசை அணைந்துவிட்டது. உர்சுலா கவரோடு போய் நின்றாள். "பார்க்கலாம்" என்றார். அதற்குப் பிறகு அவர் பார்க்கவில்லை.

அதிலிருந்து அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். கல்யாணம் பேச வருகிறவர்களுக்கு முன்னால் இரண்டு படங்களை வைப்பாள். "ஒரு வரிசை லைட்டுல இப்படி வரும், நாலு வரிசைல இப்படி. ஃபாதர்கிட்ட நீங்க கேளுங்க. கேக்கலைன்னா பின்னாடி என்னைத் திட்டக் கூடாது." துரைசாமி தலையில் அடித்துக்கொண்டார். சிலர் வேறு ஸ்டூடியோவுக்குப் போனார்கள். சிலர் ஃபாதரைப் போய்ப் பார்த்தார்கள்; அவர்களில் இரண்டு வீட்டுக் கல்யாணத்துக்கு நாலு வரிசையும் எரிந்தன.

ஒரு நாள் ஒரு பெண்ணின் தாயார் இரண்டு படங்களையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், திருப்பித் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு வந்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தானேம்மா இருக்கு?"

உர்சுலா ரசீதுப் புத்தகத்தை எடுத்து, பெண்ணின் பெயரைக் கேட்டாள்.