கம்பெனி வாளுக்கு வாழ்க்கைப்பட்டவள்

கையிலிருக்கும் இலையின் காம்பைக் கிள்ளிக் கீழே போட்டுவிட்டுத்தான் சுந்தரம்மாள் நிமிர்ந்து பார்ப்பாள். வந்தவன் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தாவானாலும் சரி, பார வண்டிக்காரனானாலும் சரி, அதுவரை நின்றுதான் ஆகவேண்டும். கழுத்தில் மஞ்சள் கயிறும் தலையில் கனகாம்பரமுமாகத் தனியாக உட்கார்ந்து வெற்றிலை விற்கிறாளே என்று புதிதாக வந்த எவனாவது பல்லிளித்துக்கொண்டு, "வீட்டுக்காரரு எங்க?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"சுவத்துல தொங்குறாரு."

அவன் விழிப்பான். பக்கத்தில் புகையிலைக் கடை போட்டிருக்கும் நாகூர் கனி எடுத்துக் கொடுப்பார்: "தூக்குப் போட்டுக்கிட்டாருன்னு பயந்துராத மாப்ள. ஆணியடிச்சு மாட்டியிருக்கு. வாரத்துக்கு ஒருக்கா எண்ணெ போட்டுத் தொடைக்கணும். இல்லேன்னா மாப்பிள்ளைக்குத் துருப் புடிச்சுரும்."

கேலி இல்லை. சுந்தரம்மாளின் புருஷன் ஒரு வாள்.

சோழவந்தானில் விடியற்காலை ரயிலேறி, ஈரச் சாக்கு சுற்றிய இரண்டு கூடைகளோடு மதுரையில் இறங்குவாள். கூடையைத் தூக்கிவிட யாரையும் கூப்பிட மாட்டாள். வாழைமட்டையைப் பிரித்து, கல்யாணத்துக்குக் கொழுந்து, கிழவர்களுக்கு முற்றல், ஓட்டல்காரனுக்குக் கிழிசல் என்று விரல்களாலேயே பிரித்துப் போட்டுவிடுவாள். போலீஸ்காரன் காசு கொடுக்காமல் நாலு இலையை உருவிக்கொண்டு நடந்தால் தடுக்க மாட்டாள். தெரு முழுக்கக் கேட்கும்படி, "ராசாங்கத்துக்குத் தர்மம் போட்டாச்சு சாமியோவ்!" என்று கத்துவாள். அவன் அடுத்த வாரம் வேறு தெருவில் போவான்.

போன மாதம் வரை டவுன்ஹால் ரோட்டு முனையில், நல்ல நிழலில் இருந்தாள். இப்போது தெற்குமாசி வீதியில் சாக்கடை ஓரம். வெயில் நேராக மண்டையில் இறங்குகிறது. வெற்றிலை மதியத்துக்குள் வாடிவிடுகிறது. எப்படி இங்கே வந்து விழுந்தாள் என்பதைத்தான் எழுத வந்தேன்.

மதுரைக்கு மேற்கே ஒரு ஜமீன். பெயர் போட்டால் பத்திரிகைக்கு வக்கீல் நோட்டீஸ் வரும், படிக்கிறவர்களுக்குத் தெரியாததுமல்ல. நூறு வருஷத்துக்கும் வெகு முன்னால் அந்தப் பக்கத்து ஜனங்கள் கம்பெனிக்காரனுக்கு வரி கட்ட மாட்டோம் என்று காட்டுக்குள் போய் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பிடிக்கக் கம்பெனிப் பட்டாளத்துக்கு வழி தெரியவில்லை. வழி காட்டியவன் இந்த ஜமீனின் மூத்த பாட்டன். பிடிபட்டவர்களை அவரவர் ஊர்ப் புளியமரத்திலேயே தொங்கவிட்டார்கள். வழி காட்டியவனுக்கு ஊர்களைப் பட்டயம் போட்டுக் கொடுத்தார்கள். கூடவே ஒரு வாளும் கொடுத்தார்கள். தங்க முலாம் பூசிய கைப்பிடி, சிங்கத் தலை, இரும்பில் செதுக்கிய இங்கிலீஷ் எழுத்து. வெட்டுவதற்கான வாள் இல்லை அது. பார்த்துக் கும்பிடுவதற்கான வாள். தசராவுக்கு அதை நாற்காலியில் உட்காரவைப்பார்கள். குடியானவர்கள் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அதன் முன்னால் விழுவார்கள். எவன் பேரன் எதற்கு முன்னால் விழுகிறான் என்று யாரும் கேட்டதில்லை.

சுந்தரம்மாள் ஜமீன் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள். ஜமீன்தார் வரப்பில் வந்தார், பார்த்தார், போனார். மறுநாள் ஆள் வந்தது. நிலம் ஜமீனுடையது, குடிசை ஜமீனுடையது. மாட்டேன் என்று சொல்ல அவள் அப்பனிடம் நாக்கு மட்டும்தான் சொந்தமாக இருந்தது. அதுவும் எழவில்லை. ஆனால் ஜமீன்தார் நாற்று நடுகிறவள் வீட்டு வாசலில் வந்து மணையில் உட்கார முடியுமா? அந்தஸ்து என்ன ஆவது? அதனால் வாளை அனுப்பினார்கள். அந்தப் பக்கத்து ஜமீன்களில் இது பழைய வழக்கம். வாளுக்குப் பட்டுத் துண்டு கட்டி, மாலை போட்டு, மணையில் சாத்திவைத்து, தாலியை அதன் முனையில் தொட்டெடுத்து, அரண்மனைத் தாதி முடிச்சுப் போட்டாள்.

"எங்க தாய்மாமன் மட்டும் மெதுவாக் கேட்டாரு, 'மாப்ள ரொம்ப மெலிவா இருக்காரே, சோறு திம்பாரா'ன்னு" என்று சுந்தரம்மாள் சொல்வாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று பொறுத்திருந்து, அடுத்ததைச் சொல்வாள்: "எங்க பாட்டன் கழுத்துக்குக் குடுத்த கூலிண்ணே அந்தக் கத்தி. அதையே எனக்கு மாப்ளன்னு அனுப்புனாங்க."

அரண்மனைப் பின்கட்டில் அவளைப்போல இன்னும் மூன்று பேர். வெள்ளிக்கிழமை தோறும் முறை வைத்து அந்த வாளைத் துடைக்க வேண்டும். புருஷனுக்குப் பணிவிடையாம். முந்தானையால் கைப்பிடியிலிருந்து முனைவரை ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தினால் தாதி திட்டுவாள்.

முப்பத்தேழாம் வருஷம் ஜமீன்தார் செத்தார். பதினாறாம் நாள் காலையில் கலெக்டர் துரை வருவார், வாளைத் தொட்டு வாரிசு கையில் கொடுப்பார், அதோடு சின்ன ஜமீனுக்குப் பட்டம். அன்று மாலை பின்கட்டுப் பெண்களுக்குத் தாலி அறுப்பு. அதற்கப்புறம் வெள்ளைச் சேலை, ஒரு வேளைச் சோறு, சாகிறவரை பின்கட்டுக் கதவைத் தாண்டக் கூடாது. சேலைகூட வெளுத்து வந்து கொடியில் தொங்கியது.

ஜமீன் மானேஜர் வெங்கட்ரமணன் மண்டபத்தில் நின்று, வாளிலிருந்த எழுத்தைத் துரைக்கு இங்கிலீஷில் படித்தார். குடியானவர்களுக்காகத் தமிழிலும் சொன்னார்: 'கலகக்காரர்களைப் பிடித்துக் கொடுத்த விசுவாசத்துக்காகக் கும்பினியார் தந்தது.' அத்தோடு நிறுத்தியிருக்கலாம். துரை முன்னால் வாய் சும்மா இருக்கவில்லை. "ஜமீன்தார்கள் வருவார்கள், போவார்கள். இந்த வாளுக்குச் சாவு கிடையாது!" என்று ஒரு போடு போட்டார். கைதட்டல்.

கைதட்டல் ஓய்ந்தபோது சுந்தரம்மாள் மண்டபத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

"சாமி, எனக்குத் தாலி கட்டுனது அந்தக் கத்திதான? அதுக்குச் சாவில்லேன்னா சாயந்தரம் நான் எதுக்குத் தாலியறுக்கணும்?"

குடியானவர்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. துரை என்னவென்று கேட்டார். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று மானேஜர் மொழிபெயர்த்துவிட்டு, அவள் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். "கத்திக்கும் பொம்மனாட்டிக்கும் கல்யாணமாடி? அது கல்யாணமே இல்லை. உள்ளே போ!"

"இம்புட்டுப் பேரு கேக்க இன்னொருக்காச் சொல்லுங்க சாமி."

"கல்யாணமே இல்லை!"

"அப்ப எனக்கு யாரும் சாகல. நான் வாரேன்."

முன்வாசல் வழியாகப் போய்விட்டாள். துரை நிற்கிறபோது கை நீட்ட எவனுக்கும் துணிச்சல் வரவில்லை. அவளைக் கெட்டிக்காரி என்று யாராவது மெச்சினால் முகத்தைச் சுளிப்பாள். "என்னத்தக் கெட்டிக்காரி? உள்ள இன்னும் மூணு பேரு வெள்ளச் சேலையோட இருக்காளுகளே."

தாலியை ஏன் வைத்திருக்கிறாள் என்று கேட்டேன். "அவுக கட்டுனத வித்துத்தான் மொதக் கூட வெத்தல வாங்குனேன். இது நானே மஞ்சக் கெழங்க முடிஞ்சு கட்டிக்கிட்டது. கழுத்து சும்மா இருந்தா ஊரு சும்மா இருக்காதுண்ணே."

வெள்ளைக்காரன் கப்பலேறப் போகிறான் என்பது நமக்கு முன்னால் ஜமீன்களுக்குத் தெரிந்துவிட்டது. கதர் உடுத்தியதற்காக எங்கள் ஆட்களின் எலும்பைப் போலீஸ்காரர்கள் முறித்தார்கள். அப்போது அவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்த சின்ன ஜமீன் இந்த வருஷத் தேர்தலுக்குக் கதர் ஜிப்பாவில் வந்து நிற்கிறார். ஊர் முழுக்க நோட்டீஸ்: 'வெள்ளையரை எதிர்த்த வீரவாள் ஊர்வலம். வைகை மணலில் பொதுக்கூட்டம்.' நான் இருபது வருஷம் நோட்டீஸ் எழுதிப் பிழைத்தவன். இவ்வளவு பெரிய எழுத்தில் இவ்வளவு பெரிய பொய்யை எழுத எனக்கும் கை கூசியிருக்கும்.

ஊர்வலத்துக்கு முந்தின நாள், நான் வெற்றிலைக்கு நின்றிருந்தபோது, வெங்கட்ரமணனே கடைக்கு வந்தார். தோளில் கதர்த் துண்டு.

"சௌக்கியமா, சுந்தரம்மா?"

"எத்தன கவுளி வெத்தல வேணும்?"

"வியாபாரத்துக்கு வரலை. நாளைக்கு மேடையிலே வாளுக்கு ஒரு சுமங்கலி ஆரத்தி எடுக்கணும். அந்த வீரவாளை வரிச்சவள் நீ. உன் கையாலே எடுத்தா ஜனங்க உருகிப்போயிடுவா."

"கல்யாணமே இல்லேன்னீகளே சாமி?"

"அது அப்போ. இப்போ உண்டு."

நாகூர் கனிக்குப் பொறுக்கவில்லை. "கட்டிவைக்கவும் பிரிச்சுவிடவும் எங்க காஜியாருக்குத் தெரியும் ஐயரே. ஒரே நிக்காஹ இல்லேன்னுட்டு அப்புறம் உண்டுன்னு சொல்ல அவருக்கும் தெரியாது!"

மானேஜர் அவரைக் கவனிக்காததுபோல அண்ணாந்து, அவள் தலைக்குமேல் இருந்த மாடியைப் பார்த்தார். "இந்தக் கட்டடம் ஜமீனுதுதான். வாசல்லே கூடை வச்சுண்டு எத்தனை நாள் கஷ்டப்படுவே? ஒரு பெட்டிக்கடை போட்டுத் தரச் சொல்றேன். வரலைன்னா..." இழுத்தார்.

சுந்தரம்மாள் கையிலிருந்த இலையின் காம்பைக் கிள்ளினாள். "வாரேன். சேல எடுத்துத் தராதீக. எங்கிட்ட இருக்கு."

அவர் போனபிறகு கனி புகையிலைக் கட்டைத் தூக்கி எறிந்தார். "அம்புட்டுத்தானா தங்கச்சி? ஒரு பெட்டிக்கடைக்கு அம்புட்டுத்தானா?" அவள் ஈரச் சாக்கை இழுத்துக் கூடையை மூடினாள். விலைபோன ஆட்களை நிறையப் பார்த்தவன் நான். ஆற்றுக்குப் போகவேண்டாம் என்றுதான் நினைத்தேன், போனேன்.

வைகை மணலில் நல்ல கூட்டம். முன்வரிசை நாற்காலிகளில் வக்கீல்களும் காலேஜ் வாத்தியார்களும். மேடையில் வாளைச் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் சாத்தியிருந்தார்கள். கைப்பிடி தொடங்கி முனைவரை விரல் கனத்துக்குச் சந்தனம் அப்பி, நடுநடுவே குங்குமம். பக்தி என்று நினைத்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "என் முப்பாட்டனார் இந்த வாளைச் சுழற்றித்தான் பரங்கியை விரட்டினார்" என்று சின்ன ஜமீன் முழங்கினார். கைதட்டல் அக்கரைக்குக் கேட்டிருக்கும். பரங்கிக்கு வழி காட்டிய கதை தெரிந்த கிழவர்களும் தட்டினார்கள்.

ஆரத்திக்குக் கூப்பிட்டார்கள். சுந்தரம்மாள் ஏறினாள். பழைய அரக்குச் சேலை. தட்டில் சிவப்பு நீர், நடுவில் வெற்றிலை, வெற்றிலைமேல் கற்பூரம். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று சுற்று முறையாகச் சுற்றினாள். பொட்டு வைக்கப் போகிறாள் என்று வெங்கட்ரமணன் ஒதுங்கி வழி விட்டார்.

அவள் தட்டை இடது கைக்கு மாற்றினாள். வலது கையால் முந்தானையைச் சுருட்டிப் பிடித்தாள். கைப்பிடியிலிருந்து முனைவரை ஒரே இழுப்பு. சந்தனம் பட்டையாக உரிந்து மேடையில் விழுந்தது. சின்ன ஜமீன், "ஏய்!" என்று எழுந்தார். மானேஜர் கையை நீட்டினார். எரிகிற கற்பூரத்துக்கும் தன் கதர்த் துண்டுக்கும் நடுவே அந்தக் கை நின்றுவிட்டது.

சுந்தரம்மாள் நாற்காலியை முன்வரிசைப் பக்கம் திருப்பினாள். ஒரு வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு ஆரத்தித் தட்டைத் தாழ்த்தி, கற்பூரச் சுடரை இங்கிலீஷ் எழுத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.