அடியில் எழுதியிருந்த 110

மட்டாஞ்சேரியில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துத் தெரு லலிதா மாமி ஒருநாள், இறந்துபோன மகனின் பழைய மின்சார பொம்மை ரயிலைக் கொண்டுவந்தார்.

"விக்கறதுக்கில்லைடா. அவன் போனப்பறம் இது ஓடவேயில்லை. ஒரு தடவை ஓடறதைப் பாக்கணும்."

ரயிலோடு இருந்த டிரான்ஸ்ஃபார்மரின் அடியில் 110 வோல்ட் என்றிருந்தது. வெளிநாட்டுச் சரக்கு. நம்மூர் மின்சாரத்தைப் பாதியாகக் குறைக்கும் பெட்டி ஒன்று நடுவில் வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் போய் வாங்கிவரச் சோம்பல். ஒரு நிமிடம் தாங்காதா என்று நேரே செருகினேன்.

இன்ஜின் விளக்கு எரிந்தது. ரயில் பாதி வட்டம் ஓடியது. மாமி கைதட்டினார். அதற்குள் புகை கிளம்பி எல்லாம் கருகிவிட்டது.

"சாரமில்லைடா, போனாப் போறது, பழசுதானே. நீ என்ன பண்ணுவே?"

இப்போதும் கடைக்கு வருகிறவர்களிடம், "எம்பிள்ளை ரயிலை இவன்தான் ஓட்டிக் காட்டினான்" என்கிறார். அந்த எண்ணைப் படித்துவிட்டுத்தான் செருகினேன் என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.