வாசலை விட்டுப் போகாத ராசா

எங்கள் ஊர்க் கூத்துக்காரருக்குப் பரம்பரைக் கட்டுப்பாடுகள் சில உண்டு. அரங்கேற்றம் முடிந்தபின் வீடு வீடாகப் போய் ஆடும்போது எந்த வீட்டையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது, பகைவீடானாலும் சரி. அடுத்த வரியை யாராவது எடுக்கும்வரை பிற்பாட்டுக்காரர் முந்திய வரியையே திருப்பிப் பாடவேண்டும். கை கழன்று விழுந்தாலும் மத்தளம் நிற்கக்கூடாது. மத்தளம் அடித்துக் கூத்தை நடத்தும் அண்ணாவியார் என் பெரியப்பா. சல்லரி தட்டுவது அப்பா. ராசா வேடம் சின்ன மாமாவுக்கு. கூத்துப் பழகுவதெல்லாம் எங்கள் வீட்டு வளவிலேயே நடந்ததால் ஒன்பது வயதில் முழுக் கூத்தும் எனக்கு மனப்பாடம். அந்தத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

வாய்க்கால் ஓரத்து வீடு எங்களுக்குப் பகை. வட்டை வயலில் வரம்பை வெட்டியது யார் என்ற சண்டையில் அந்த வீட்டுப் பெரியவர் எங்கள் ஆட்களைப் படலைக்குள் விடுவதில்லை. கூத்துக்கு மட்டும் தடை போட முடியாது. அன்று பின்னேரம் அங்கே போனபோது, இந்த வாசலில் மட்டும் மானம் போகக்கூடாது என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன்.

போகத்தான் பார்த்தது. "வாசல் கண்டோம், மனம் மகிழ்ந்தோம்" என்று பாடிய மாமா, விடைபெறும் வரியை எடுக்கவேயில்லை. சுற்றிச் சுற்றி ஆடினார். பிற்பாட்டுக்காரரும் வாசலைக் கண்டு மகிழ்ந்துகொண்டே இருந்தார்கள். பெரியப்பாவின் கழுத்தில் வேர்வை ஓடியது. பெரியவர் கதிரையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவருடைய மகள் தண்ணீர்ச் செம்போடு கதவடியில் நின்று சிரித்தாள். பகைவீட்டுக்காரி என் மாமாவைப் பார்த்துச் சிரிப்பதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா வரிய மறந்திட்டார்!" என்று அப்பாவின் சட்டையை இழுத்தேன்.

"சும்மா இரு புள்ள," என்றார் அப்பா, சல்லரியை விடாமல்.

சும்மா இருப்பேனா? "வாழ்க இம்மனை, போய் வருகிறோம்!" என்று தொண்டை கிழியப் பாடினேன். வரியை எடுப்பது யாரானாலும் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடத்தானே வேண்டும்? பாடினார்கள். பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாளத்தைத் தீர்த்தார். தீர்த்த தாளத்தை அதே வாசலில் மறுபடி தொடங்கும் வழக்கமில்லை. மாமா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். செம்பு அவள் கையிலேயே இருந்தது.

அவள்தான் இப்போது என் மாமி. சோறு போடும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவார். "இன்னும் ஒரு சுத்து ஆட விட்டிருந்தா, எங்கட அப்பாவே 'ராசாக்குத் தண்ணி குடு' எண்டிருப்பார். வாய் திறந்தவர், நீ முந்திட்டாய். உன்னால மூணு வருசம் காத்துக் கிடந்தன்."

அன்று இதெல்லாம் யாருக்குத் தெரியும்? பெரியப்பாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், பிற்பாட்டுக்காரர் எல்லாருக்கும் தெரியும். நான் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தேன். பின்னால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்னைப் பாராட்டச் சொல் தேடுகிறார்கள் என்று நினைத்து, கொஞ்சம் மெதுவாக நடந்து பார்த்தேன்.