நாவல் மரத்தடி அம்மன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். இப்போது மறதி வேறு... வழக்கம்போல் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை கன்னியம்மாவோடு அடையாறில் ஒரு சின்னப் பூங்காவுக்குப் போயிருந்தேன். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். முன்னே அந்தப் பூங்கா ஒரு பங்களாத் தோட்டம். அவள் வீட்டுக்காரர்தான் அங்கே தோட்டக்காரர்.

அவளுடைய தலைச்சன் பெண் பல் முளைக்கும் முன்பே போய்விட்டது. பச்சைக் குழந்தையை எரிக்க மாட்டார்கள் அல்லவா? தோட்டத்து நாவல் மரத்தடியில் புதைத்தார்கள். பங்களாவை இடித்துப் பூங்கா வந்தது. மரம் மட்டும் நிற்கிறது. வருஷம் ஒருமுறை வேரில் பால் ஊற்றி, ரெண்டு குட்டி வளையல் வைத்துவிட்டு வருவாள். யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருஷம் முழங்கால் வலி. துணைக்கு என்னையும் அழைத்தாள்.

போனால் — மரத்துக்கு மஞ்சள் புடவை. குங்குமம். சுற்றிலும் சிமெண்ட் மேடை, அதன்மேல் வழவழவென்று டைல்ஸ். கிளையெல்லாம் துணித் தொட்டில். வாக்கிங் வருகிறவர்கள் பாலையும் வளையலையும் பார்த்து, அம்மன் என்று நினைத்துவிட்டார்கள்.

"செருப்ப அங்கயே விடும்மா. மீன் கூடையோட கிட்ட வராத. பிள்ளை வரம் குடுக்கற தாயி" என்றார், ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா.

கன்னியம்மா காலிக் கூடையை இறக்கினாள். "பால் ஊத்த மண்ணு எங்கக்கா கீது?" என்று என் காதில் கேட்டாள்.

"விஷயத்தச் சொல்லிடலாமா?" என்றேன். எனக்கெங்கே அந்த தைரியம்... சும்மா கேட்டேன்.

"வேணாங்க்கா. பொணம் பொதைச்ச எடம்னு தெரிஞ்சா தோண்டி எட்த்துடுவாங்க."

டைல்ஸ் மேலேயே ஊற்றினாள். பால் வேருக்குப் போகவில்லை. நடைபாதைக்கு வழிந்தது. யாரும் மிதிக்கக் கூடாதென்று முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

அப்போது ஒரு இளம்பெண் கையில் தொட்டிலோடு வந்தாள். அழுத முகம். கன்னியம்மாவிடம்தான் கேட்டாள் — "நெஜமாவே குடுக்குமா ஆயா?"

கன்னியம்மா மரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"குடுக்கும்மா. ரொம்ப நல்ல பொண்ணு அது. நீ கட்டு."

நாம் கும்பிடுகிற மரத்தடிகளில் யார் யார் வீட்டுத் துக்கமெல்லாம் இருக்கிறதோ?

பங்களா யாருடையது, பூங்கா எப்போது வந்தது — எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்து எழுதுங்கள். அவள் பெயரையும், ஏரியாவையும், மரத்தையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்... அதை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.