ஒரு சாண் குழி

இந்த மழைக்காலத்தில் எங்கள் ஊர் ஏரி நிரம்பி வழிகிறது என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பதியிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். கரைமேல் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பெயிண்ட் வாளி. வெள்ளை நிறம், பக்கத்தில் ஒட்டியிருந்த கம்பெனிப் படம் பாதி உரிந்துபோயிருந்தது. வாளி நிறைய மணலைக் கொட்டி, அதில் ஒரு வேப்பங்கொம்பைச் செருகி, மஞ்சள் புடவை சுற்றி, குங்குமம் வைத்து, ஏரியைக் காக்கிற கங்கம்மாவாக நிற்க வைத்திருந்தார்கள். கங்கம்மா பெயிண்ட் வாளியில் நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. அந்த வாளி எப்படி அங்கே வந்தது என்று எனக்குத் தெரியும். அது என் மாமாவின் வாளி.

எங்கள் ஊர் சத்தியவேட்டுக்குப் பக்கம். ஆந்திராவில்தான் இருக்கிறோம், வீட்டில் பேசுவது தமிழ், ஆபீசில் பேசுவது தெலுங்கு, சண்டை போடுவது இரண்டிலும். ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் வழிந்தோடும் இடத்தைக் கோடி என்போம். ஏரி கோடி போகிற அன்று ஊருக்கே பண்டிகை. கோடிக்குப் பக்கத்தில் கரைமேல் ஒரு சின்னக் குழி தோண்டி, வேப்பங்கொம்பு நட்டு, புடவை சாத்தி, தேங்காய் உடைத்து, மஞ்சள் குங்குமத்தைத் தண்ணீரில் விடுவார்கள். கொம்பு நடுகிற உரிமை என் அம்மா பிறந்த வீட்டுக்கு உண்டு. என் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அதைப் பெரிய பதவி மாதிரி வைத்திருந்தார். வேறு எதிலும் அவருக்குப் பெருமை கிடையாது. சட்டைக்குப் பொத்தான் இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டார். கோடி போகிற அன்று மட்டும் வெளுத்த வேட்டி கட்டி, கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் போவதுபோல் கரைமேல் நடப்பார். அத்தை கொம்பை ஏந்திக்கொண்டு பின்னால் வருவார்.

எங்கள் ஏரி பல வருஷம் வறண்டே கிடந்தது. பிறகு ஒரு வருஷம் வங்காள விரிகுடாவில் புயல் உருவாகி, விட்டுவிட்டுப் பெய்து, ஒருவழியாக ஏரி கோடி போனது. மாமாவின் ஒரே மகளை ஏரிக்குக் கீழே இருக்கிற ஊரில்தான் கொடுத்திருந்தார்கள். கீழூர் என்பார்கள். மாமாவின் மருமகன் மாமனாரைக் கரைமேல் வைத்துப் படம் எடுத்தார். மாமா குனிந்து கடப்பாரையை மண்ணில் இறக்குகிறார். பக்கத்தில் கொம்போடு அத்தை, தேங்காய்த் தட்டோடு பேத்தி, பின்னால் வெள்ளைத் துணியாக வழிகிற தண்ணீர். நல்ல படம். 'எங்க மாமனார்' என்று போட்டு மருமகன் அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்தார். வீட்டில் இருந்த மாமாவின் மகளுக்கும் அனுப்பினார். எனக்கும் வந்தது. பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

மழை விடவில்லை. பூஜை முடிந்து இரண்டொரு நாளில், ஒரு பிற்பகலில், கரை உடைந்தது. உடைந்த இடம் கோடி அல்ல. அதற்கு நேரெதிராக, கரையின் மறுமுனையில், பழைய மதகுக்குப் பக்கத்தில். அங்கே முள்புதர் மண்டி, உள்ளுக்குள் எலி வளை போட்டுக் கரை ஓட்டையாகிக் கிடந்ததை ஊரே பார்த்திருக்கிறது. தண்ணீர் நேராகக் கீழூருக்குள் புகுந்தது. பகலாக இருந்ததால் மனிதர்கள் மேட்டுக்கு ஓடித் தப்பித்தார்கள். மாடுகள் கட்டின கயிற்றோடு போயின. நெல் வயலெல்லாம் மணல். மாமா தன் மகளுக்குத் தலைப்பிரசவம் ஆனபோது ஓட்டிக்கொண்டுபோய்க் கொடுத்த கறவை மாடும் அதில் போனது.

தண்ணீர் வடிவதற்கு முன்னே பேச்சு கிளம்பிவிட்டது. முதலில், தமிழ்நாட்டுக்காரன் அணையைத் திறந்துவிட்டான் என்றார்கள். நான் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்துகிறவள். எங்கள் பக்கத்துத் தண்ணீர் எல்லாம் தமிழ்நாட்டை நோக்கித்தான் ஓடுகிறது. அவன் திறந்துவிட்டு நாம் முழுக வேண்டுமென்றால் தண்ணீர் மலையேறி வர வேண்டும். அதே நேரத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராக்காரன் திறந்துவிட்டான் என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். அது சலித்ததும் உள்ளூருக்கு வந்தார்கள். ஒரு கட்சித் தலைவர் டிராக்டரில் ஏறி நின்று, இது இயற்கை இல்லை, சதி, கரையை வெட்டியிருக்கிறார்கள், வெட்டினவனை விடமாட்டோம் என்றார். மறுநாள் இன்னொரு கட்சிக்காரர் அதே டிராக்டரில் ஏறி, கரையைப் பழுது பார்க்காமல் விட்டவர்கள்தான் ஆள் வைத்து வெட்டினார்கள் என்றார். டிராக்டர் யாருடையதோ, பாவம், இரண்டு பேரையும் சுமந்தது.

வெட்டினவன் ஒருத்தன் வேண்டுமல்லவா? மருமகன் எடுத்த படம் கிடைத்தது. யாரோ அதில் கொம்பை நறுக்கினார்கள். அத்தையை நறுக்கினார்கள். பேத்தியையும் தேங்காய்த் தட்டையும் நறுக்கினார்கள். மிச்சம் இருந்தது மாமாவும் கடப்பாரையும் தண்ணீரும். மேலே தெலுங்கில், கரையை வெட்டுகிற துரோகியைப் பாருங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். இந்தக் கட்சி அவரை அந்தக் கட்சி ஆள் என்றது, அந்தக் கட்சி இந்தக் கட்சி ஆள் என்றது. அவர் வாழ்நாளில் எந்தக் கட்சியும் அவரை எங்கள் ஆள் என்று சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை.

எனக்கு அது திருப்பதியில், ஆசிரியர் அறையில், பக்கத்து நாற்காலிக்காரி மூலமாக வந்தது. பார்த்தீங்களா இந்த அநியாயத்தை என்று போனை நீட்டினாள். என் மாமா குனிந்து நிற்கிறார். இவர் என் மாமா, இது பூஜைக்குக் குழி தோண்டுவது என்று முழுப் படத்தை எடுத்துக் காட்டினேன். அவள் நல்லவள்தான், சங்கடப்பட்டாள். ஆனாலும் போகும்போது, ஏதும் இல்லாமலா இத்தனை பேர் அனுப்புகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இன்ஜினியர் ஒருவர் வந்து உடைந்த இடத்தைப் பார்த்தார். எலி வளை, மண் அரிப்பு, தண்ணீர் அழுத்தம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதை ஒருத்தரும் யாருக்கும் அனுப்பவில்லை. எலிக்குக் கட்சி கிடையாதே, அனுப்பி என்ன செய்வது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏரி முழுக்க வடிந்து சேறாகக் கிடந்தபோதும் கோடிப் பக்கத்தில் மாமா நட்ட கொம்பு அசையாமல் நின்றது. மஞ்சள் புடவை காற்றில் ஆடியது. உடைப்பைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போனார்கள்.

மாமா ஆரம்பத்தில் சிரித்தார். நான் பார்க்கப் போனபோது, "ஒரே கடப்பாரையில ஏரியை ஒடைக்கிற தெம்பு இருந்தா நான் ஏன் பாப்பா இடுப்பு வலின்னு சுருண்டுக்கினு கெடக்கிறேன்?" என்றார். எவ்வளவு தோண்டினீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. அவராகவே கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து ஒரு சாண் காட்டினார். கொம்பு சாயாமல் நிற்க அது போதும் என்றார். போலீஸ்காரர் வந்து விசாரித்தபோதும் அதே சாணைத்தான் காட்டினாராம். போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே மோர் குடித்துவிட்டுப் போனார்.

அவர் சிரிப்பை நிறுத்தியது மகள் வந்த அன்று. கீழூர்க்காரர்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கியிருந்தார்கள். பொம்பளைகள் எல்லாரும் அவள் காதுபடவே பேசினார்கள். மருமகன் பயந்துபோய் ஸ்டேட்டஸை அழித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவள்தான் தன் போனில் இருந்த முழுப் படத்தை ஒவ்வொருத்தரிடமும் கொண்டுபோய்க் காட்டினாள். இதோ கொம்பு, இதோ எங்கம்மா, இதோ என் மகள் என்று காட்டினாள். பார்த்தார்கள். பொய் அதோடு போய்விடும் என்று நினைத்தாள். அது போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்தது. சரி, கொம்பு நட்டது நிஜம்தான், ஆனால் எவ்வளவு ஆழம் தோண்டினார், ஊறிப்போன கரையில் கடப்பாரை போட்டால் அதிர்ந்து எங்கேயாவது விரிசல் விடாதா என்று கேட்டார்கள். மாட்டைப் பறிகொடுத்து, சோற்றுக்கு வரிசையில் நின்று, அந்தக் கேள்வியை நாள் முழுக்கக் கேட்டவள் அவள். அதைச் சுமந்துகொண்டு அப்பாவிடம் வந்தாள். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"நைனா, அன்னிக்கு நீ குழி எவ்ளோ ஆழம் தோண்டுனே?"

அவ்வளவுதான் கேட்டாள். அதில் கோபம் இல்லை. ஒரு சாண் என்று அவர் சொன்னால் திரும்பிப் போய் அவர்கள் முகத்தில் வீசலாம் என்றுதான் கேட்டாள். எனக்கு அது அப்போதே தெரிந்தது. மாமாவுக்குத் தெரியவில்லை. பெற்ற மகளே கேட்கிறாள் என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. கையைத் தூக்கினார். கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரிந்தன. பிறகு அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாண் கொஞ்சம் பெரிதானது. இன்னொரு கையும் வந்து சேர்ந்துகொண்டது. "இவ்ளோ இருக்கும்," என்றார். "சரியா நெனப்பு இல்ல கண்ணு."

அதற்குப் பிறகு குழி வளர்ந்துகொண்டே போனது. நான் போகும்போதெல்லாம், யாரும் கேட்காமலே, அவர் கை ஆழத்தைக் காட்டும். கரை உடைந்தது அந்த முனையில், நீங்கள் தோண்டியது இந்த முனையில் என்று வகுப்பில் சொல்வதுபோல் தரையில் கோடு போட்டு விளக்கியிருக்கிறேன். தலையாட்டுவார். நீ படிச்சவ, சரியாத்தான் சொல்லுவே என்பார். ஊர் அவரை மறந்துவிட்டது. கட்சிகள் வேறு புயலுக்குப் போய்விட்டன, அனுப்பினவர்கள் அன்று சாயங்காலமே மறந்திருப்பார்கள். சொன்னவர்களுக்கு அது ஒரு நாள் பேச்சு. அவர் ஒருத்தர்தான் அதைக் கடைசிவரை நம்பினார். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கரையைச் சரிசெய்து, ஏரி மறுபடி கோடி போன வருஷம், வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டுதான் வந்தார். தோளில் கடப்பாரை இல்லை. கையில் பெயிண்ட் வாளி. மணலோடு தூக்க முடியாமல் நின்று நின்று கரையேறினார். ஏன் மாமா என்றேன். "கரையைத் தொட வேணாம் பாப்பா. எதுக்கு?" என்றார். ஊரில் ஒருத்தர்கூட, குழியே தோண்டு, நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லவில்லை. வாளி வசதியாகத்தான் இருக்கிறது என்றார்கள். சில வருஷம் கழித்து, திருப்பதி ஆஸ்பத்திரியில் கட்டிலில் கிடந்தபோது, சட்டைக் கையை மேலே தள்ளி முழங்கையைத் தொட்டுக் காட்டினார். இதுவரைக்கும் போயிருக்கும், நான்தான் கவனிக்கவில்லை என்றார். அந்த வாரமே போய்விட்டார்.

அந்த வாளிதான் இந்த ஞாயிற்றுக்கிழமை கரைமேல் நின்றது. மாமாவின் மகளும் கீழூரிலிருந்து வந்திருந்தாள். நாங்கள் இருவரும் மஞ்சளைக் கரைத்துக்கொண்டிருந்தபோது, ஊருக்குப் புதிதாக வாக்கப்பட்டு வந்திருந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்களை யாரென்று அவளுக்குத் தெரியாது. வெளியூர்க்காரர்கள் என்று நினைத்து ஊர் வழக்கத்தை எங்களுக்கே சொல்லித் தந்தாள். "இங்க கரையில குழி தோண்டக் கூடாதுக்கா. முன்ன ஒருத்தர் தோண்டித்தான் ஏரியே ஒடைஞ்சிபோச்சாம். அதான் எங்க சாமி வாளியில நிக்கும்." கள்ளம் கபடமில்லாமல், பக்தியோடு சொன்னாள். அவள் அதை ஒருத்தர்மேல் போட்ட பழியாகக் கேட்டிருக்கவில்லை. ஊர் வழக்கமாகத்தான் கேட்டிருக்கிறாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமாவின் மகள் எழுந்துவிட்டாள். கரையிறங்கிப் பிறந்த வீட்டுப் பக்கம் நடந்தாள். திரும்பி வரும்போது தோளில் கடப்பாரை. துருப் பிடித்திருந்தது. கோடிக்குப் பக்கத்தில், அவள் அப்பா எப்போதும் நிற்கும் இடத்தில் நின்று, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையை மண்ணில் இறக்கினாள். யாரோ வேண்டாம் என்றார்கள். புதுப்பெண் பதறிப்போய்ப் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"எடு. நல்லா எடு," என்றாள் மாமாவின் மகள், நிமிராமலே. "பாதியில நிறுத்தாத. கொம்பு நடுற வரைக்கும் எடு."

மண்ணைக் கையால் அள்ளிப் போட்டாள். கொம்பை வாளியிலிருந்து பிடுங்கிப் புடவையோடு குழியில் வைத்துப் பார்த்தாள். அது சாயாமல் நின்றது. பிறகு ஏனோ அதை மறுபடி வெளியே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, குழிக்குள் தன் கையை விட்டு விரலை விரித்தாள். கட்டைவிரல் அடியில், சுண்டுவிரல் விளிம்பில். என்னைப் பார்க்கவில்லை, போனையும் பார்க்கவில்லை. அப்படியே மண்டியிட்டு, "ஒரு சாண்தான் நைனா," என்று குழியைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு சாண்தான்." நான் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலியான பெயிண்ட் வாளி பக்கத்தில் சாய்ந்து கிடந்தது.